கல்லும் டயரும் ஏற்றிய கூரையில் சோலார் பேனல்

காற்று மாதம் நெருங்கினால் தகரத்தின் மேல் கல்லையும் பழைய டயரையும் ஏற்றி வைக்க இலங்கை மலையகத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தகரம் பறக்கும் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதே தகரத்தில் சோலார் பேனல் பூட்டும்போது, “கூரை இந்தப் பாரத்தைத் தாங்குமா?” என்று மட்டும் கேட்கிறோம். “காற்று இதைத் தூக்குமா?” என்று கேட்பதில்லை. முதல் தவறே அதுதான்.

கணக்குப் பார்ப்போம். 550 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 28 கிலோ. பரப்பு இரண்டரைச் சதுர மீட்டர் சொச்சம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ. அதே அளவு மேல்நோக்கி இழுத்தால், ஒரு பேனலுக்கு 120 கிலோ வரும். முகட்டிலும் கூரை ஓரங்களிலும் இழுப்பு இன்னும் கூடும். அதனால்தான் இடம் மிச்சம் இருக்கிறதே என்று ஓரம்வரை பேனலை நெருக்கி அடிக்கக்கூடாது. சுற்றிலும் ஓர் அடியாவது விடுங்கள்.

ஹப்புத்தளைப் பக்கம் எங்கள் சித்தப்பா வீட்டில், பூட்ட வந்தவர்கள் குட்டை ஸ்குரூக்களைத் தகரத்திலேயே இறக்கிவிட்டுப் போனார்கள். கீழே மரம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஜூன் மாதம் ஒரு இரவு பேனல் கழன்றது, கூடவே தகரமும் சுருண்டு வந்தது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத தகட்டை நம்பிப் பிடித்தால் வேறென்ன நடக்கும்? தகரம் மழைக்குத்தான். பிடிமானத்துக்கு மரம் வேண்டும்.

மரத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. தகரத்தில் ஏற்கெனவே ஆணி அடித்த வரிசைதான் ரீப்பர், அதாவது தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஓடும் கோடு. ஆனால் மெல்லிய ரீப்பரில் நீளமான போல்ட் கடிக்காது, கட்டை பிளந்துவிடும். ரீப்பரைத் தாங்கும் சரிவான கைமரத்தில் இறக்குவது நல்லது. அது வாய்க்காத இடத்தில் உள்ளிருந்து தடித்த கட்டையொன்றைச் சேர்த்துப் பூட்டச் சொல்லுங்கள். பழைய லயமென்றால், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடென்றால், முதலில் காம்பராவுக்குள் (அறைக்குள்) நின்று கைமரங்களைத் தட்டிப் பாருங்கள். கறையான் தின்ற மரம் பொத்தென்று சத்தம் போடும். கைமரம் சுவரோடு இரும்புப் பட்டி போட்டுக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். இல்லாவிட்டால் பேனல் கழலாமல் கூரையோடு சேர்ந்தே போகும். இன்னொன்று, லயத்தில் ஒரே கூரை பல குடும்பத்துக்கும் பொது. பக்கத்துக் காம்பராக்காரரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் சொல்லாமல் துளை போட்டால் வரும் சண்டையை எந்தப் போல்ட்டும் தாங்காது.

துளையை நெளியின் மேட்டில் போடுங்கள். பள்ளத்தில் போட்டால் அந்த வழியாக ஓடும் தண்ணீரெல்லாம் துளையைத் தேடி வரும். ரப்பர் வாஷர் கட்டாயம். அதைச் சப்பையாக நசுங்கும்வரை முறுக்கினால் ஒன்றிரண்டு வருடத்தில் வெடித்துவிடும். துளையை அடைக்கச் சிலிக்கன் பசை பூசுவதென்றால், வினிகர் வாடை அடிப்பதை வாங்காதீர்கள். அதிலுள்ள அமிலம் தகரத்தின் துத்தநாகப் பூச்சைத் தின்னும். நியூட்ரல் வகை கொஞ்சம் விலை கூட, அவ்வளவுதான். துளையிடும்போது சிதறும் இரும்புத் தூளை அன்றைக்கே கூட்டி அள்ளிவிடுங்கள். நம் மூடுபனியில் ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு துகளும் துருப்புள்ளியாகிவிடும். எர்த் வயரின் செம்பு தகரத்தில் நேராகப் படுவதும் இதே வகைக் கேடுதான்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுப் பேனலைச் செங்குத்தாகச் சாய்க்க ஸ்டாண்ட் கேட்பவர்களும் உண்டு. நாம் இருப்பது வடக்கு 7 பாகை. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. சாதாரணச் சரிவுள்ள கூரைக்கு இணையாகவே பூட்டினால் போதும், வடக்குப் பார்த்த கூரையிலும் பெரிய நட்டமில்லை. தூக்கி நிறுத்திய பேனல் காற்றுக்குப் பாய்மரம். பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவில் நாலைந்து அங்குலம் விட்டால் சூடு தணியும். தோட்டத்துச் சவுக்கு இலை அங்கே அடைந்து ஈரம் பிடிக்கும், ஆகவே கை நுழைய இடம் இருக்கட்டும். வயரைத் தொங்கவிடாமல், பேனலைத் தாங்கும் ரெயிலோடு கட்டுங்கள். குரங்குக்கு ஊஞ்சல் கிடைத்தால் அது விடாது.

பேனலை ரெயிலோடு பிடிக்கும் கவ்விகளை மூலையில் மாட்டுவது வேகமான வேலை, தவறான வேலை. நீளப்பக்கத்தில் நுனியிலிருந்து கால்வாசி தூரத்தில்தான் அநேகமாக இடம் காட்டியிருப்பார்கள். பெட்டிக்குள் வரும் தாளில் அளவு இருக்கும், பூட்ட வரும் பாஸிடம் (வேலைக்காரரிடம்) அதைக் காட்டச் சொல்லுங்கள்.

கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) ஓடாக இருந்தால் இதெல்லாம் பொருந்தாது. அதைத் துளைக்கவே வேண்டாம். வெடிக்கும், தூசு நெஞ்சுக்கு ஆகாது.

முதல் காற்று மாதம் கழிந்த பிறகு, பாசி காய்ந்த ஒரு வெயில் நாளில் கவ்விகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். கூரையில் ஏறும்போது ஆணி வரிசை மேலேயே கால் வையுங்கள். பழைய கல்லும் டயரும் பேனல் பக்கம் கிடந்தால் அன்றைக்கே இறக்கிவிடுங்கள். உருண்டு வந்தால் கண்ணாடிதான் உடையும்.