காயலான் கடையில் பழைய பொம்மை தேடுவது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு ஒரு செய்முறை

பிரிட்டன்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஆக்ஸ்ஃபாம் மாதிரி தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய சாமான் கடைக்குள் போய், ஒரு கூடையைக் கிளறி, சில்லறைக் காசுக்கு ஒரு குட்டிக் காரை எடுத்துவந்து, அது எத்தனை பவுண்டுக்குப் போகும் என்று கணக்குப் போடுவார்கள். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ அப்படிக் கடை கிடையாது. அதற்குப் பதிலாக நமக்குக் காயலான் கடையும் பழைய பாத்திரக் கடையும் தள்ளுவண்டிக்காரரும் இருக்கிறார்கள். பரண் வைத்த ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு மாடி வீடாகிக்கொண்டிருக்கின்றன, பரணில் கிடந்த சாமான் மூட்டை மூட்டையாகக் காயலான் கடைக்குத்தான் வருகிறது. அங்கிருந்து பிளாஸ்டிக் அரவைக்குப் போகும், பித்தளை உருக்கப் போகும். போனால் போனதுதான். அந்த மூட்டை லாரி ஏறுவதற்கு முன்னால் நாம் அங்கே போய் நிற்க வேண்டும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன், அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன்.

முதலில்: எது நம் ஊருக்கு வந்திருக்கும்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கிளறினால் கையில் கிடைத்ததே தெரியாமல் போய்விடும். வெளிநாட்டுப் பொம்மை டெல்டாவுக்கு வந்த பெரிய வழி நாகப்பட்டினம் துறைமுகம். ரஜுலா கப்பல் இங்கிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு அப்புறம் சிதம்பரம் கப்பல், 1985இல் அது தீப்பிடிக்கும் வரைக்கும். கடல் கடந்து பிழைக்கப் போன சபுராளிகள் ஊருக்கு வரும்போது பெட்டியில் சென்ட், கைலி, டார்ச் லைட்டோடு பிள்ளைகளுக்கு ஒரு மேட்ச்பாக்ஸ் காரோ சாவி கொடுத்தால் ஓடும் ஜப்பான் தகரப் பொம்மையோ இருக்கும். ஆகவே நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்துக் காயலான் கடைகளை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

காரைக்கால் தனிக் கதை. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர், இன்றைக்கும் பிரான்சில் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் அங்கே நிறைய. மேஜரெட், நோரெவ், சோலிடோ என்ற பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே பிரெஞ்சுக் கார் பொம்மைகள். லண்டன் மேட்ச்பாக்ஸை மட்டுமே தேடிப் பழகியவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அப்புறம் நம் நாட்டிலேயே செய்தவை. இங்கேதான் புதியவர்களுக்கு அதிக வாய்ப்பு என்பது என் அபிப்பிராயம். எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் 1987இல் தொடங்கியது, அவர்கள் இங்கே செய்து விற்ற ஜி.ஐ. ஜோ என்ற படைவீரர் பொம்மைகளுக்கு அமெரிக்கப் பதிப்பில் இல்லாத வண்ணங்கள் உண்டு, அதற்காகவே வெளிநாட்டில் தேடி வாங்குகிறார்கள். லியோ என்ற பெயரில் இங்கே வந்த ஹாட் வீல்ஸ் கார்களும் ஹீ-மேன் பொம்மைகளும் அதே மாதிரிதான். 80களிலும் 90களிலும் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ பிள்ளையாக இருந்தவர்களின் வீட்டுப் பரணில் இவை இன்னமும் கிடக்கும்.

இன்னும் பழைய சரக்கு ஒன்று, நிக்கி டாய்ஸ். இங்கிலாந்தின் லிவர்பூலில் டிங்கி என்ற பொம்மைக் கார்களை வார்த்த அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, அந்த அச்சிலேயே நிக்கி என்ற பெயரில் கார்கள் வார்த்தார்கள். பார்த்தால் டிங்கி மாதிரியே இருக்கும், பெயிண்ட் மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். மட்டமான நகல் என்று நினைத்து மூட்டையிலேயே திரும்பப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக நம் சொந்தச் சரக்கு: தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, பித்தளைச் சொப்பு, மாக்கல் சொப்பு, மரப்பாச்சி, கொலுவுக்கான மண் பொம்மைகள். இவை பழைய பாத்திரக் கடையிலும் வீட்டுப் பரணிலும் கிடைக்கும்.

எப்போது போவது?

மார்கழி கடைசி. போகிக்கு முந்தைய இரண்டு வாரம் வீடு வெள்ளையடிப்பு நடக்கும், பழையது எல்லாம் வெளியே வரும், காயலான் கடைக்காரருக்கே மூச்சு விட நேரம் இருக்காது. அடுத்தது புரட்டாசி, கொலுப் பெட்டியைக் கீழே இறக்கி, இந்த வருஷம் வைக்க வேண்டாம் என்று ஒதுக்கும் பொம்மைகளை யாருக்காவது கொடுத்துவிட நினைக்கிற நேரம். மற்ற மாதங்களில் எங்காவது பழைய வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

பையில் என்ன வேண்டும்? டார்ச், பூதக்கண்ணாடி, பழைய பல்துலக்கி, ஒரு சின்னக் காந்தம், மெல்லிய பருத்தித் துணி, பத்து இருபது ரூபாய்ச் சில்லறை நோட்டுகள். கையுறை கட்டாயம், மூட்டைக்குள் உடைந்த கண்ணாடி, ஊசி எல்லாம் இருக்கும்.

கடையில் எப்படிப் பேசுவது?

போன உடனே மூட்டையில் கை வைக்காதீர்கள். அவர்கள் பிளாஸ்டிக்கை ரகம் ரகமாகப் பிரித்து வைத்திருப்பார்கள், நாம் கிளறிக் கலைத்தால் அரை நாள் வேலை வீண். “அண்ணே, பிள்ளைங்க வெளையாட்டுச் சாமான் ஏதும் வந்துச்சுன்னா நான் பார்த்து எடுத்துக்கட்டுமா? எடைக்குப் போடுறதைவிட கூடவே தர்றேன்” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நாகூர்ப் பக்கம் பாய் என்று கூப்பிட்டுப் பேசுங்கள். பொம்மை பிளாஸ்டிக் மூட்டையில் மட்டும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், உலோகக் கார்கள் அலுமினியக் குவியலுக்குள் நட்டு போல்ட்டோடு போய்ச் சேர்ந்திருக்கும். பிரிக்கிற வேலை பார்க்கும் அக்காக்களிடம் கேளுங்கள், எது எந்தக் குவியலில் விழுந்தது என்று முதலாளியைவிட அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் எடுத்துக் கொடுத்தால் அவர்கள் கையில் தனியாகக் காசு கொடுங்கள். அடுத்த முறை உங்களுக்கென்று ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வைத்திருப்பார்கள்.

இனி முக்கியமான படி: திருப்பிப் பாருங்கள்

பொம்மையின் முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அடிப்பக்கம். மண்ணைப் பல்துலக்கியால் தட்டிவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து மேலே எழும்பும்.

மேட்ச்பாக்ஸ் காரின் அடியில் லெஸ்னி என்றும் மேட் இன் இங்கிலாந்து என்றும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் லெஸ்னி கம்பெனி மேட்ச்பாக்ஸ் வரிசையை 1953இல் ஆரம்பித்தது, 1982இல் நொடித்துப் போனது, ஆகவே அது இந்த இடைவெளியில் செய்தது. மக்காவ், சீனா, தாய்லாந்து என்று இருந்தால் அதற்குப் பிந்தையது. பிறகு சக்கரம். மெல்லிய கம்பி அச்சில் சும்மா தட்டினாலே வழுக்கிக்கொண்டு ஓடினால் அது 1969இல் வந்த சூப்பர்ஃபாஸ்ட் வகை. அச்சு தடிமனாக, சக்கரம் உலோகத்திலோ சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கிலோ இருந்தால் அதற்கும் முந்தையது, அதைத் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள்.

ஹாட் வீல்ஸில் ஒரு இடறல் உண்டு. அடியில் இருக்கும் வருஷம் அந்த வடிவத்தின் உரிமை பதிவான வருஷம்தான், அந்தக் கார் செய்த வருஷம் கிடையாது. 1970களின் வருஷம் போட்ட கார் இருபது வருஷம் கழித்துக்கூட வந்திருக்கலாம். எனவே வருஷத்தை விட்டுவிட்டு நாட்டின் பெயரைப் படியுங்கள். லியோ என்றோ இந்தியா என்றோ இருந்தால் விடாதீர்கள்.

ஜப்பான் தகரப் பொம்மையில் ஆக்குபைட் ஜப்பான் என்ற எழுத்து இருந்தால் அது போருக்குப் பின் அமெரிக்கப் படை அங்கே இருந்த காலத்தது, 1952க்குப் பிந்தியதாக இருக்காது. சாவி இல்லாவிட்டாலும் எடுங்கள். ஆனால் ஸ்பிரிங்கை முறுக்கிப் பார்க்க வேண்டாம்.

அடுத்து ஆணி. பழைய உலோகக் கார்களின் அடித்தகடு பெரும்பாலும் தட்டி விரித்த ஆணியால் இறுக்கப்பட்டிருக்கும். அந்த ஆணியைத் துளைத்து ஸ்க்ரூ போட்டிருந்தால் யாரோ பிரித்து மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், விலை குறையும். பெயிண்ட் உதிர்ந்த பழைய கார், பளபளவென்று புது பெயிண்ட் அடித்ததைவிட நல்ல விலைக்குப் போகும் என்பதைப் பலருக்கு நம்பவே முடியாது, ஆனால் அதுதான் நடப்பு. உலோகமே வெடித்து மாவு மாதிரி உதிர்ந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்த பழுது அது, சரிசெய்ய முடியாது.

ஜி.ஐ. ஜோ இரண்டு துண்டாகக் கிடைத்தால் துள்ளிக் குதியுங்கள். அந்தப் பொம்மையின் மேலுடம்பையும் காலையும் உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம்தான் பிடித்துக்கொண்டிருக்கும். இத்தனை வருஷத்தில் அது இற்று அறுந்துபோயிருக்கும், வீட்டுக்காரர் உடைந்துவிட்டது என்று தூக்கிப் போட்டிருப்பார். முதுகில் இருக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் புது வளையம் மாட்டினால் நிமிர்ந்து நிற்கும். அதனால் இடுப்புக்குக் கீழே மட்டும் கிடைத்தாலும் அந்தக் குவியலை விட்டு நகராதீர்கள், மேல் பாதி அங்கேதான் எங்கேயோ இருக்கும், துப்பாக்கியும் இருக்கலாம்.

பித்தளைச் சொப்பும் பொம்மையும்

காந்தம் இங்கேதான் வேலை செய்யும். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. ஒட்டவில்லை என்றால் தேய்மானத்தைப் பாருங்கள். பிள்ளைகள் கை பட்ட இடம், குடத்தின் விளிம்பு, அம்மிக் குழவியின் இரண்டு முனை, இவை வழவழப்பாகவும் மற்ற இடம் மங்கியும் இருக்க வேண்டும். பழசு மாதிரி காட்டுவதற்கு ரசாயனத்தில் முக்கி எடுத்ததில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவதைப் போல சொப்பிலும் சில வீடுகளில் இனிஷியல் வெட்டியிருப்பார்கள், அதை ஒருபோதும் தேய்த்து எடுத்துவிடாதீர்கள்.

மண் பொம்மைக்கு அடியில் சில்லு போன இடத்தைப் பாருங்கள். செங்கல் நிறம் தெரிந்தால் சுட்ட மண், வெள்ளைத் தூள் கொட்டினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், நார் நாராக வந்தால் காகிதக்கூழ். இப்போது நிறைய வருவது பிளாஸ்டர்தான், மற்ற இரண்டும் கிடைத்தால் கவனமாகப் பாருங்கள். தலையாட்டி நடனப் பெண் என்றால் பாவாடை, உடம்பு, தலை என்று தனித்தனித் துண்டுகள், எல்லாம் ஒரே காலத்துப் பெயிண்ட்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். செம்மரத்தில் செய்த மரப்பாச்சியை வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்ப நினைக்காதீர்கள், அந்த மரத்துக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பித்தளைக் குவியலில் சின்னச் சாமி விக்கிரகம் கிடைத்தால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். சிலைத் திருட்டு வழக்குகளுக்கென்றே கும்பகோணத்தில் நீதிமன்றம் இருக்கிற பகுதி நம்முடையது. 1972ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது, அது சொப்பாக இருந்தாலும் சரி. கோயில் சிலை என்று சந்தேகம் வந்தால் கடைக்காரருக்கும் எடுத்துச் சொல்லி, காவல் நிலையத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

விலை பார்ப்பது

இபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் ஒரு காருக்கு ஒருவர் ஐயாயிரம் கேட்கிறார் என்பதால் அது ஐயாயிரம் பெறாது. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி அதில் இருக்கிறது, அதைத் தட்டி உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். அட்டைப் பெட்டி இருந்தால் விலை எகிறும். அதனால் கிழிந்த காலிப் பெட்டி கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

கடைக்காரரிடம் எடை விலைக்கு மேல் கொடுத்து வாங்குவது வியாபாரம். ஆனால் ஒரு வீட்டுக்குப் போய், ஒரு பாட்டி தன் மகன் விளையாடிய பொம்மையை எடுத்து நீட்டும்போது, அது என்ன, சுமாராக எவ்வளவு பெறும் என்று சொல்லிவிட்டு விலை பேசுங்கள். “ஆத்தா, இதுக்கு வெளியில நல்ல வெல இருக்கு, உங்க மகன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுங்க” என்று சொல்லலாம். சில பேர் கொடுக்க மாட்டார்கள். அது அவர்கள் வீட்டுப் பொருள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

புளி, விபூதி, பிராஸோ பாலிஷ் எதுவும் வேண்டாம். பித்தளை மேல் படிந்த அந்த மங்கலான நிறத்துக்குத்தான் காசு. தகரப் பொம்மைக்குத் தண்ணீரே ஆகாது, உலர்ந்த துணி போதும். பேட்டரி போடும் இடத்தைத் திறந்து, உள்ளே பொங்கிப் போன பேட்டரி இருந்தால் கையுறையோடு எடுத்துவிட்டு உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் விளையாடக் கொடுக்காதீர்கள், தொட்டபின் கையையும் கழுவுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இரும்பு அச்சு சீக்கிரம் துருப்பிடிக்கும், நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு. மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், ஆனால் மெத்தென்ற ரப்பர் மாதிரி இருக்கும் ஹீ-மேன் கால்களையும் கெட்டிப் பிளாஸ்டிக் பொம்மையையும் ஒட்டி வைக்காதீர்கள். மெத்துப் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் எண்ணெய் மற்றதை இளக்கிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, எந்த ஊரில், எந்தக் கடையில், எவ்வளவுக்கு வாங்கியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் எல்லா டப்பாவையும் ஒரு தடவை திறந்து, அந்தப் பொட்டலங்களை மாற்றிவிட்டு மூடுங்கள்.