அலுவலக லப்டொப்பை ஊழியரே தெரிவு செய்யட்டும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருபது பேர் வேலை செய்யும் எங்கள் அலுவலகத்துக்கு லப்டொப் வாங்குவது என் பொறுப்பு. முன்பு எல்லோருக்கும் ஒரே மொடல்தான். கணக்குப் பிரிவுத் தங்கச்சி ஒருத்தி, இலக்க விசைகள் தனியாக இல்லாத கீபோர்டில் மேல்வரிசையையே தட்டித் தட்டி, மணிக்கட்டில் பண்டேஜ் சுற்றிக்கொண்டு வந்தாள். அன்றுதான் தெரிவை ஊழியரிடமே விட்டேன்.

முதலில் பட்டியலைச் சுருக்குங்கள். மூன்று மொடல் போதும். யாழ்ப்பாணத்திலேயே திருத்தக்கூடியதாக இருக்கட்டும். கொழும்புக்கு அனுப்பினால் அது திரும்பி வரும்வரை ஆள் சும்மா இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இனி விண்டோஸ் 11தான், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். ஆகவே அது இல்லாத பழைய மெஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சேர்க்காதீர்கள்.

தெரிவு செய்ய முன் ஒவ்வொன்றையும் ஒரு நாள் கையில் கொடுங்கள். கரண்ட் போனால் பற்றரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அவர்களே பார்க்கட்டும்.

சரி, லப்டொப்பைக் கொடுக்கும்போது ஊழியரிடம் வாங்கும் கையெழுத்துக்கு வருவோம். கருவி நிறுவனத்துடையது, தொலைந்தால் அன்றே சொல்ல வேண்டும், விலகும்போது சார்ஜரோடு திருப்பித் தர வேண்டும் என்று தமிழிலேயே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். விண்டோஸ் ப்ரோ பதிப்பு வாங்கி, டிஸ்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி அதிலுள்ள பிட்லொக்கர் வசதியால் பூட்டி, பூட்டுத் திறக்காதபோது தேவைப்படும் மீட்புச் சாவி எண்ணை அலுவலகத்தில் வையுங்கள். தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் அழிக்கும் வசதி போட்டிருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பிள்ளையின் பிறந்தநாள் படம் அதில் இருக்கலாம்.