மாடல் உருவங்களில் கறுப்பு உடை: சாம்பலாகிவிடாமல் மடிப்புகளைக் காட்டுவது எப்படி?

கறுப்பு பெயிண்டை அப்படியே உடையில் பூசினால் மடிப்பு, தையல், பாக்கெட் எல்லாம் மறைந்து உருவம் வெறும் நிழலாக நிற்கும். அதைச் சரிசெய்யப் போய் வெள்ளை கலந்து மேலே மேலே பூசினால், கறுப்புச் சட்டை சாம்பல் சட்டையாகிவிடும். இரண்டிலும் சிக்காத வழி இது. 1/35 அளவு உருவத்துக்கும் (நிற்கும் மனிதன் சுமார் 5 செ.மீ.) தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டுக்கும் பொருந்தும்.

அடிநிறம்

சாம்பல் நிற பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு) அடியுங்கள். கறுப்பு பிரைமர் வேண்டாம், மடிப்புகள் கண்ணுக்குத் தெரியாது. காய்ந்ததும் உருவத்தின் தலைக்கு நேர் மேலே விளக்கை வைத்து மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் எந்த முகட்டில் விழுகிறது என்று பிறகு தேட வேண்டியிருக்காது.

அடிநிறக் கலவை: கறுப்பு 4 துளி, அடர் பழுப்பு 1 துளி. பழுப்பு சேர்ந்தால் பழைய கம்பளித் துணி போலத் தெரியும். அதற்குப் பதில் அடர் நீலம் சேர்த்தால் புதுத் துணியின் குளிர்ச்சி வரும். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டுக்குச் சம அளவு தண்ணீர் விட்டு, மெல்லிய பூச்சாக இரண்டு முறை.

சுத்தக் கறுப்பை இப்போது தொடாததற்குக் காரணம் உண்டு: அதைவிட இருட்டான நிறம் கிடையாது. அதை நிழலுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பெல்ட்டுக்கு அடியிலும் அக்குளிலும் காலருக்குக் கீழும் ஆழமான மடிப்புப் பள்ளங்களிலும் மட்டும் அதை மெல்லிய கோடாக இழுங்கள்.

ஹைலைட்

வெளிச்சம் விழும் முகடுகளை வெளிர் நிறத்தில் எடுத்துக்காட்டுவதுதான் ஹைலைட். இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். கறுப்பில் வெள்ளை கலந்தால் சுண்ணாம்புத்தூள் பூசியது போன்ற நீலச் சாம்பல் வரும். மணல் நிறம் கலந்து பாருங்கள், துணி துணியாகவே இருக்கும். அடிநிறத்துக்கு நீலம் எடுத்தவர்கள் மட்டும் வெளிர் நீலச் சாம்பல் கலக்கலாம்.

முதல் கலவை: அடிநிறம் 3, மணல் 1, தண்ணீர் இரு மடங்கு. இது துணியின் பரப்பில் கால் பங்கைத் தாண்டக்கூடாது. இரண்டாவது கலவை பாதிக்குப் பாதி. முகட்டின் உச்சியில் மட்டும். மூன்றாவதில் மணல் நிறமே அதிகம். தோள் விளிம்பு, காலர் ஓரம், முழங்கை முனை, இவற்றில் முடி அளவு கோடு போதும்.

முழங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கை மடங்கும்போது மடிப்புகள் உள்பக்கத்திலிருந்து விசிறி போலப் பிரியும். பிரஷ்ஷைப் பள்ளத்தில் தொடங்கி முகட்டை நோக்கி இழுங்கள். பிரஷ்ஷை எடுக்கும் இடத்தில்தான் பெயிண்ட் தேங்கும். அதனால் வெளிச்சம் தானாகவே சரியான இடத்தில் சேரும். முனை நன்றாகக் கூராக உள்ள 1ஆம் எண் பிரஷ்ஷே நல்லது. மிகச் சிறிய 000 பிரஷ்ஷில் பெயிண்ட் உருவத்தைத் தொடுமுன்பே காய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் டிஷ்யூவில் ஒரு தடவை ஒற்றிவிட்டுத் தொடுங்கள், இல்லையென்றால் நீர் பள்ளத்துக்குள் ஓடிவிடும்.

அடுக்குகளுக்கு நடுவே படிக்கட்டு போலத் தெரிகிறதா? அடிநிறம் 1 பங்கு, தண்ணீர் 7 பங்கு கலந்து அந்த எல்லைகளின் மேல் தடவுங்கள். கை நீட்டும் தூரத்தில் உருவத்தைப் பிடித்து, "கறுப்பு உடை" என்று கண் உடனே சொல்லவில்லை என்றால், ஹைலைட் பரவிவிட்டது என்று பொருள். அதற்கும் இதே கலவைதான் மருந்து. கீழ் அடுக்கு முழுதாகக் காயாமல் தடவினால் பெயிண்ட் உரிந்து வட்டத் தழும்பு விழும்; அவசரப்படாதீர்கள்.

வார்னிஷ்

மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தால் கறுப்பு சற்று வெளிறும், அதை எதிர்பார்த்தே மூன்றாவது ஹைலைட்டை அடக்கி வையுங்கள். ஈரக்காற்று உள்ள நாளில் ஸ்ப்ரே செய்தால் வெண்படலம் படியும். கறுப்பில் அது பளிச்சென்று தெரியும்.

பூட்ஸும் பெல்ட்டும் கறுப்புத் தோல் என்றால், அவற்றின் மேல் மட்டும் சாட்டின் (லேசாகப் பளபளக்கும்) வார்னிஷ்ஷைப் பிரஷ்ஷால் தொட்டு வையுங்கள். தோலில் ஹைலைட் சிறியதாகவும் கூர்மையாகவும் இருக்கட்டும். ஒரே கறுப்பில் துணி வேறு, தோல் வேறு என்று பிரிந்து தெரியும்.