வாய்க்கால் இல்லாத வரைபடம்: நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் மக்களைக் கேட்கும்போது நேரும் தவறுகள்

ஒரு சிறு நகரத்தின் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்: எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம்) வரைவு வெளியானபோது, பக்கத்துக் கிராம விவசாயிகள் சிலருடன் அதைப் பார்க்கப் போயிருந்தேன். அலுவலகச் சுவரில் பெரிய வரைபடம் மாட்டியிருந்தார்கள். வேளாண் நிலம் பச்சை, குடியிருப்பு மஞ்சள். எங்களுடன் வந்த நீர்ப்பாய்ச்சி, அதாவது ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திருப்பிவிடுகிறவர், நீல நிறத்தை வைத்து ஏரியைக் கண்டுகொண்டார். பிறகு வெகுநேரம் விரலால் தேடிவிட்டு, "வாய்க்காலைக் காணோமே" என்றார். ஏரியின் முதல் மடைக்கு (தண்ணீர் திறந்துவிடும் வாய்க்கு) கீழே ஒரு திட்டு மஞ்சளாக இருந்தது. வெளியே வந்ததும் மண்ணில் குச்சியால் ஏரியையும் மடைகளையும் பிரிந்து போகும் வாய்க்கால்களையும் கீறினார். மஞ்சள் திட்டு இருந்த இடத்தில் தன் பாதத்தை வைத்துக்கொண்டு, "இதற்கு அப்பால் தண்ணீர் போகாது" என்றார்.

அவர் சொன்னது எந்த அறிக்கையிலும் இல்லை. ஏரிப் பாசனத்தில் பெரிய வாய்க்கால்தான் புறம்போக்காகத் தனிப் புல எண்ணுடன் இருக்கும். அதிலிருந்து வயலுக்குப் பிரியும் சிறு வாய்க்கால்கள் பல இடங்களில் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகின்றன. அதற்கும் கீழே வயலுக்கு வயல் பாய்ச்சல். தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் நாலு வயல் மனையானால், கடைசியில் பாயும் கடைமடைக்கு வருகிற தண்ணீர் நிற்கிறது. ஐப்பசி மழையில் வடிய வழியும் அடைபடுகிறது. இரண்டு மூன்று போகம் பயிர் வைக்க முடியாமல் போனால் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் 'தரிசு' என்று ஏறிவிடும். அடுத்த முறை வரைபடம் வரைகிறவர் அந்தத் தரிசைப் பார்த்து, சாகுபடி இல்லாத நிலம்தானே என்று அதையும் மஞ்சளாக்குவார். அந்த நிலம் எப்படித் தரிசானது என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே முதல் தவறு, வரைந்து முடித்த பிறகு கேட்பது. 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டம் பற்றிய அறிவிப்பை அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியிட்டு, ஆட்சேபனைகளையும் ஆலோசனைகளையும் எழுத்தில் பெற வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். மக்கள் பங்கேற்பு என்றால் இந்த இரண்டு மாதம்தான் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அரசிதழை எந்த விவசாயி படிக்கிறார்? அந்த இரண்டு மாதம் சம்பா நடவில் விழுந்துவிட்டால் அலுவலகத்துக்கு வரவே ஆள் இருக்காது. கேட்க வேண்டிய நேரம், இப்போதைய நிலப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும்போது. ஒவ்வோர் ஆயக்கட்டிலும் (ஓர் ஏரியின் பாசனப் பரப்பிலும்) நீர்ப்பாய்ச்சியுடன் ஒரு நாள் வரப்பில் நடந்து, புலப்படத்தில் வாய்க்காலையும் வடிகாலையும் குறித்துக்கொள்வதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. பிறகு கோடிக்கணக்கில் வெள்ள வடிகால் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

யாரைக் கேட்பது என்பதில் அடுத்த தவறு. பட்டாதாரர் பட்டியலை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு அழைக்கிறார்கள். பட்டா தாத்தா பெயரில் இருக்கும்; பேரன் வெளியூரில் வேலை பார்ப்பார்; நிலத்தில் இறங்குகிறவர் வாய்மொழிக் குத்தகைக்காரர். தன் பெயரைப் பதிவு செய்யக் கேட்டால் அடுத்த ஆண்டு குத்தகை கிடைக்காது என்ற அச்சத்தில் அவர் வாய் திறப்பதில்லை. நாற்று நடுகிற, களை எடுக்கிற பெண்களுக்கு நிலமே இல்லை. ஆனால் வயல் மனையானால் முதலில் வேலை இழப்பது அவர்கள்தான். இராமநாதபுரம் பக்கமிருந்து அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட, அதாவது உரத்துக்காக மந்தையை வயலில் தங்க வைக்க, வரும் கீதாரிகளை (ஆடு மேய்ப்பவர்களை) எவர் கணக்கில் வைத்திருக்கிறார்கள்? வருகிற ஊரில் அவர்களுக்கு வாக்கு கிடையாது. மேய்ச்சல் புறம்போக்கு ஒன்று கைவிட்டுப் போனால் கிடை போகும் பாதையே மாறிவிடும். இவர்களைக் கூட்டத்துக்கு வரச் சொல்லிப் பயன் இல்லை. வேலை நடக்கும் இடத்துக்கு, கிடை போட்டிருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

நம் பக்கத் தவறுகளையும் சொல்ல வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று விவசாயச் சங்கங்கள் நினைக்கின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடுகிறது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேராவது வந்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கைக்காக 100 நாள் வேலையாட்களை அழைத்து வந்து, தீர்மானம் எழுதும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுவதை எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறேன். எழுதும் தீர்மானமும் 'விவசாய நிலங்களைக் காக்க வேண்டும்' என்று பொதுவாக இருக்கும். இதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் எதையும் மாற்ற முடியாது. எந்தப் புல எண், எவ்வளவு பரப்பு, எந்த மடையின் பாசனம், அது நின்றால் கீழே எந்தெந்த எண்கள் பாதிக்கப்படும் என்று எழுதுங்கள். தீர்மான நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபைத் தீர்மானம் நகர் ஊரமைப்புச் சட்டம் கேட்கும் ஆட்சேபனைக்கு ஈடாகாது என்பதால், அதையே இணைத்துத் தனியாகவும் மனு கொடுக்க வேண்டும்.

இன்னொரு தவறு எனக்கு மிகவும் வலிப்பது: நிலத்தை விற்க நினைப்பவரைத் துரோகியாகப் பார்ப்பது. கூட்டத்தில் அவர் எழுந்தால் கூச்சல் போட்டு உட்கார வைக்கிறோம். மகள் திருமணக் கடன், ஆள் கிடைக்காத நடவு, விலை போகாத நெல், தண்ணீர் வராத கடைமடை என்று அவருக்கு ஆயிரம் காரணம். அவரைப் பேசவிட்டால்தான் நிலம் ஏன் கைமாறுகிறது என்பதே தெரியும். 2020-இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம், புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வையும் உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவற்றையும் தடுத்தது. அது தேவையான சட்டம். ஆனால் வீட்டுமனை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. விற்கத் துடிக்கும் விவசாயியின் கணக்கும் அதில் இல்லை.

கேரளம் ஒரு படி மேலே போனது. 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தில், ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர் ஆகியோருடன் நெல் விவசாயிகளின் பிரதிநிதிகள் மூவரையும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவில் வைத்தார்கள். எந்தப் புல எண் நெல்வயல் என்ற தரவுப் பட்டியலைத் தயாரிப்பது அந்தக் குழுவின் பொறுப்பு. ஏற்பாடு அருமையானது. ஆனால் பல ஊராட்சிகளில் பட்டியல் தாமதமானது. எப்போதோ மேடாகித் தென்னை நிற்கும் நிலங்களும் நெல்வயலாக ஏறின. பட்டியலிலிருந்து தங்கள் நிலத்தை நீக்கக் கோரி விண்ணப்பங்கள் குவிந்தன. பட்டியலை முடிவாக்கும் முன் வார்டு வார்டாக உரக்கப் படித்துக் காட்டியிருந்தால் பாதிப் பிழைகள் அங்கேயே தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கடைசியாக, பதில் சொல்லாமல் விடுவது. மனு கொடுத்தவருக்குத் தன் ஆட்சேபனை என்ன ஆனது என்றே தெரிவதில்லை. ஏற்றது எது, மறுத்தது எது, ஏன் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினால் போதும். அது நடக்காத ஊரில் அடுத்த கூட்டத்துக்கு அந்த நீர்ப்பாய்ச்சி வர மாட்டார். நாங்கள் அன்று கொடுத்த மனுவில் அவர் மண்ணில் கீறியதைத் தாளில் வரைந்து, புல எண்களைக் குறித்து இணைத்தோம். ஒப்புகைச் சீட்டு அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.