கைதட்டிப் பாருங்கள், அப்புறம் ஸ்பீக்கர் வாங்கலாம்

வீட்டில் படம் பார்க்கும்போது வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவோம். சண்டைக்காட்சி வந்ததும் ரிமோட்டைத் தேடி ஓடுவோம். பல வீடுகளில் குற்றவாளி ஸ்பீக்கர் இல்லை, அறைதான். தரையில் டைல்ஸ், சுற்றிலும் வழவழப்பான சுவர், மேலே கான்கிரீட். ஒலி அடங்க இடமே இல்லை. 12-க்கு 10 அடி படுக்கையறையை வைத்துச் சொல்கிறேன், என்னுடையதும் அதுதான்.

1. கைதட்டுங்கள்

அறை நடுவில் நின்று ஓங்கி ஒரு தட்டு. ‘சிர்ர்ர்’ என்று தகரம் அதிர்வதுபோல வால் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன.

2. மெத்தையைத் தூக்கி வாருங்கள்

காசு செலவழிக்கும் முன், வீட்டிலுள்ள மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, ஜமுக்காளம் விரித்து, அதே காட்சியைப் போட்டுக் கேளுங்கள். சிரிக்காதீர்கள். 1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர் இதைத்தான் செய்தார். ஒரு சொல் அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆன விரிவுரை அரங்குக்குள் இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அறை ஒலியியல் கணக்கு அங்கேதான் பிறந்தது.

3. சோபாவை நகர்த்துங்கள்

இதற்குச் செலவே இல்லை, பலன்தான் அதிகம். 12 அடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு) பேஸ், அதாவது அடித்தொண்டைபோல் கனத்த தாழ் ஒலி, முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே மாட்டிக்கொள்ளும். சரியாக நடுவில் உட்கார்ந்தால் அது ஏறக்குறைய காணாமல் போகும். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் குமுறும். பின்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளிப் போட்டுத் தொடங்குங்கள்.

என் அறையில் அகலமும் 10 அடி, உயரமும் 10 அடி. இரண்டும் சேர்ந்து 56 ஹெர்ட்ஸை ஊதிப் பெரிதாக்குகின்றன. பேஸ் கிடாரில் இரண்டாவது தடித்த கம்பி 55 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் வரும்போது மட்டும் பீரோ கதவு கடகடக்கும்!

4. கண்ணாடி பிடியுங்கள்

நீங்கள் சோபாவில் உட்காருங்கள். இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காது உயரத்தில் பக்கச்சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே பென்சிலால் குறி. ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடம் அது.

5. பேனல் செய்யுங்கள்

ஒலியை உறிஞ்சும் பலகை இது: 4-க்கு 2 அடி மரச்சட்டம், உள்ளே 50 மில்லிமீட்டர் ராக்வுல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு), மேலே காடா துணி. துணியை வாயருகே பிடித்து ஊதுங்கள். காற்று போக வேண்டும். ரெக்சின் கூடாது. ராக்வுலைத் தொட்டால் அரிக்கும். கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். குறித்த இடத்தில், சுவரைவிட்டு இரண்டு அங்குலம் தள்ளி மாட்டுங்கள்.

முட்டை அட்டை ஒட்டலாமே என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். ஒரு அங்குல ஃபோமை அறை முழுக்க ஒட்டுவதும் தப்புதான். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 22 அடிக்கும் மேல். அதை ஒரு அங்குலம் என்ன செய்யும்? மேல் ஸ்தாயியை மட்டும் விழுங்கிவிடும், பேச்சு மழுங்கி, குமுறல் அப்படியே நிற்கும். பேஸைப் பிடிக்க மூலைகளில் நாலு அங்குலத்துக்குக் குறையாத தடிமன் வேண்டும்.

6. தவழுங்கள்

சப்ஊஃபரை, அதாவது பேஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியை, தூக்கி சோபாவில் வையுங்கள். பேஸ் ஓடும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து கேளுங்கள். எங்கே எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ, அங்கே சப்ஊஃபர். நான் தவழ்ந்தபோது, என்ன தொலைந்துபோச்சு என்று அம்மாவும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

இன்னொன்று: இந்தப் பேனல்களால் பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தம் குறையாது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். இப்போதைக்குக் கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பத்து மணிக்கு மேல் சப்ஊஃபரை அணைத்துவிடுங்கள்.