மரப்பு ஊசி ரத்தத்தில் ஏறிவிட்டால்

கையில் தையல் போட லிக்னோகெய்ன் என்ற மரப்பு ஊசி போட்டதும் நோயாளி “வாயைச் சுற்றி மரத்துப்போகுது, நாக்கில் இரும்பு ருசி, காதில் ரீங்காரம்” என்றால், பயத்தில் உளறுகிறார் என்று தள்ளிவிடாதீர்கள், மருந்து மூளையைத் தொட்டுவிட்டது. ஊசியை நிறுத்துங்கள். ஆள் கூப்பிட்டு, 100% ஆக்சிஜன் கொடுங்கள், வலிப்பு வந்தால் மிடசோலாம். பூப்பிவகெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்து இன்னும் மோசம், சில நேரம் எச்சரிக்கையே இல்லாமல் நேராக இதயத்தில் கைவைக்கும்.

அப்புறம் ரத்தக்குழாயில் ஏற்றும் கொழுப்புக் கரைசலான 20% லிப்பிட் எமல்ஷன் (பாட்டில் எந்த அலமாரியில் என்று முன்பே பார்த்து வையுங்கள்): உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மில்லி, எடை 70 கிலோவுக்கு மேலென்றால் 100 மில்லி, 2-3 நிமிடத்தில். தொடர்ந்து நிமிடத்துக்கு கிலோவுக்கு 0.25 மில்லி. இதயம் நின்றுவிட்டால் மார்பழுத்தத்தைச் சீக்கிரம் கைவிடாதீர்கள், ஒரு மணி நேரம் தாண்டினாலும் சரி. அட்ரினலின் வழக்கமான 1 மி.கி. வேண்டாம், கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்குள் போதும்.