பாணின் பெயரை உலக மொழிகளில் தேடித் தொகுக்கும் முறை

பேக்கரியில் வாங்கும் பாணுக்கு உலக மொழிகளில் உள்ள பெயர்களை மாணவர்களுடன் தொகுக்க விரும்புவோர், முதலில் பொருளை வரையறுத்துக்கொள்ள வேண்டும். புளிக்கவைத்த கோதுமை மாவில் வெதுப்பியதை மட்டும் எடுத்துக்கொண்டால், நமது தேங்காய்ப்பூ ரொட்டி பட்டியலைக் குழப்பாது.

தேடலை அயலிலேயே தொடங்குவது நல்லது. அம்பாறையில் சிங்களம் பேசுவோரும் ‘பாண்’ என்றே சொல்கின்றனர். இரு மொழிகளும் அச்சொல்லைப் போர்த்துக்கேய மொழியிலிருந்து பெற்றன. 1628இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டிய போர்த்துக்கேயரை 1638இல் ஒல்லாந்தர் வெளியேற்றிய போதிலும், ஒல்லாந்தரின் ‘புரோட்’ இங்கு ஒட்டவில்லை.

பின்னர் பெயர்களை மூலச்சொல் வாரியாகப் பிரியுங்கள். ஸ்பானிய ‘பான்’, இத்தாலிய ‘பானே’ ஆகியன, போர்த்துக்கேயச் சொல்லைப் போலவே, இலத்தீன் ‘பானிஸ்’ வழி வந்தவை. ஜப்பானியரும் ‘பான்’ என்பதைப் போர்த்துக்கேயரிடமே பெற்றனர். ஆங்கில ‘பிரெட்’, ஜெர்மன் ‘ப்ரோட்’ ஆகியன வேறு குடும்பம். ரஷ்ய ‘ஹ்லெப்’ தனி நிரலுக்குரியது.

ஒலி ஒத்திருப்பதை மட்டும் நம்பி உறவு கற்பிக்கக் கூடாது: வட இந்தியர் வெற்றிலையைச் சொல்லும் ‘பான்’, இலை எனப் பொருள்படும் சமஸ்கிருதப் ‘பர்ண’த்திலிருந்து வந்தது.

அரபுச் சொல்லுக்கு அகராதி தேடி அலைய வேண்டியதில்லை. வளைகுடாவில் வேலை செய்து திரும்பியவர்களைக் காத்தான்குடியில் கேட்டால் ‘குபூஸ்’ என்பார்கள். ஆனால் எகிப்தியர் பேச்சில் அது ‘ஐஷ்’, அதாவது வாழ்வு. ஆகவே ஒரு மொழிக்கு ஒரே கட்டம் ஒதுக்காமல், நாட்டுக்கும் ஒரு நிரல் விடுங்கள்.